வாங்கப்போகும் வீட்டை யாரைக் கொண்டு பார்ப்பிப்பது?

கேள்வி:

கொக்குவிலில் இரண்டரைப் பரப்புக் காணியோடு ஒரு வீடு வாங்க யோசிக்கிறோம். பின்பக்கம் 1978இல் கட்டிய ஓட்டு வீடு. இடம்பெயர்ந்த காலத்தில் கனகாலம் பூட்டிக் கிடந்ததாம். முன்பக்கம் 2012இல் கொங்கிறீற் பிளாற் போட்டு மாடி எழுப்பியிருக்கிறார்கள். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். அற்றோணி (அவருக்காக விற்கும் அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர்தான் விற்கிறார். தரகர், "எனக்குத் தெரிஞ்ச எஞ்சினியர் ஒருத்தர் இருக்கிறார், காசில்லாமல் வந்து பாத்துத் தருவார்" என்கிறார். கடன் தரும் வங்கியில் இருந்தும் மதிப்பீட்டாளர் வருவார். என் அண்ணா, பழக்கமான மேசனைக் கூட்டிக்கொண்டு போனால் போதும் என்கிறார். இவர்களில் யாரை நம்புவது? எங்களுக்கு நான்கு மாதக் குழந்தை இருக்கிறது. இரண்டு கிழமைக்குள் முற்பணம் கேட்கிறார்கள்.

— கோண்டாவில் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி, நீங்கள் சொன்ன மூன்று பேரும் தங்கள் தொழிலில் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தேவையான வேலையை அந்த மூவரில் ஒருவரும் செய்யப்போவதில்லை.

வங்கியின் மதிப்பீட்டாளர் வங்கிக்காக வருகிறார். நீங்கள் கடனைக் கட்டாவிட்டால் இந்தக் காணியையும் வீட்டையும் என்ன விலைக்கு விற்கலாம் என்பதுதான் அவர் பார்ப்பது. அந்த விலையில் பெரும் பங்கு காணிக்கு உரியது. கூரைக்குள் ஏறிப் பார்ப்பதும் பிளாற்றின் அடியைத் தட்டிப் பார்ப்பதும் அவருடைய வேலை அல்ல. "வங்கிக்காரரே வந்து பாத்திட்டினம், வீடு நல்லம்" என்று விற்பவர் சொன்னால், அதை வீட்டின் உறுதிக்குச் சான்றாக எடுக்காதீர்கள்.

தரகரின் எஞ்சினியருக்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை என்றால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். வீடு விலைப்பட்டால்தான் தரகருக்குத் தரகுக்காசு. அவர் அழைத்துவரும் ஆள் "வேண்டாம்" என்று சொன்னால் அடுத்த வீட்டுக்கு அவரை அழைக்கமாட்டார். அந்த எஞ்சினியர் நேர்மையானவராக இருந்தாலும் அவரை அந்த நிலையில் வைக்கக் கூடாது. பார்ப்பவரின் கூலி உங்கள் கையில் இருந்து போகவேண்டும். அது வீட்டின் விலையில் இத்தனை வீதம் என்று இல்லாமல், முன்கூட்டியே பேசிய ஒரு தொகையாக இருக்கவேண்டும். நீங்கள் வீட்டை வாங்கினாலும் விட்டாலும் அதே தொகைதான்.

அண்ணா சொல்லும் மேசனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அவருக்கும் வேலை இருக்கிறது.

இலங்கையில் வீட்டுப் பரிசோதகர் என்று தனி உரிமம் பெற்ற தொழில் கிடையாது. ஆகவே அந்தப் பெயரில் யாரையும் தேடிக் களைக்கவேண்டாம். நீங்கள் தேடவேண்டியது பழைய கட்டடங்களைத் திருத்திய அனுபவமுள்ள குடிசார் பொறியியலாளர் ஒருவரை. பட்டயப் பொறியியலாளராக இருந்தால் நல்லது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பொறியியற் பேரவையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் பதிவு மட்டும் போதாது. இருபது வருடம் வீதியும் பாலமும் போட்டவருக்கு உங்கள் ஓட்டு வீட்டின் வளை எங்கே உக்கும் என்று தெரியாமல் இருக்கலாம். புது வீட்டுக்குப் படம் கீறுவது ஒரு திறமை, பழைய வீட்டில் நோய் கண்டுபிடிப்பது இன்னொரு திறமை. நமது ஊரில் பல வருடம் திருத்த வேலைகளை மேற்பார்வை செய்த ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் சிலருக்கு இந்த இரண்டாவது திறமை நிறைய உண்டு. அப்படி ஒருவர் கிடைத்து, பிளாற்றையும் மாடியையும் மட்டும் ஒரு பொறியியலாளர் பார்த்துக் கையெழுத்து வைப்பார் என்றால் அதுவும் நல்ல ஏற்பாடே. ஆனால் அந்தக் காணி அடங்கும் உள்ளூராட்சிச் சபையில் இப்போது கட்டட அனுமதி பார்க்கும் உத்தியோகத்தரைத் தனிப்பட்ட முறையில் அழைக்காதீர்கள். 2012 மாடிக்கு அனுமதி கொடுக்கவேண்டிய சபையின் ஆளே அதில் குறை எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டு மூன்று பெயர் கிடைத்ததும் தொலைபேசியில் கால் மணி நேரம் பேசுங்கள். ஆளைத் தெரிவு செய்வது பெரும்பாலும் அந்தப் பேச்சிலேயே முடிந்துவிடும். வரும்போது என்ன கொண்டுவருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஏணி, நல்ல ரோர்ச், சிறு சுத்தியல், தூக்குக்குண்டு, ரசமட்டம் அல்லது தண்ணீர் மட்டக் குழாய், வெடிப்பு அளக்கும் அளவுகோல், ஈரமானி, ஸ்குரூ டிரைவர் என்று அடுக்கிக்கொண்டு போனால் அவர் வேலை செய்கிறவர். "கண்ணாலை பாத்தாலே தெரியும்" என்பவரை விடுங்கள். எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேளுங்கள். நீங்கள் எழுதிய அளவு வீட்டுக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் வேண்டும். அரை மணித்தியாலத்தில் முடிப்பேன் என்பவர் சுவரின் நிறத்தைத்தான் பார்ப்பார். நான் கூட நிற்கலாமா என்றும் கேளுங்கள். மறுப்பவர் வேண்டாம். அறிக்கையில் ஒரு வரியாக வரப்போகும் விடயத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டும்போதுதான் உங்களுக்கு அது விளங்கும்.

பிறகு, முன்னர் எழுதிய அறிக்கை ஒன்றை, பெயரும் விலாசமும் மறைத்து அனுப்பச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய சோதனை. நல்ல அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் படம் இருக்கும். எந்த அறை, எந்தச் சுவர், தரையில் இருந்து எத்தனை அடி என்று இருக்கும். காரணம் என்னவாக இருக்கலாம், எவ்வளவு அவசரம் என்று இருக்கும். இவற்றோடு, எதைப் பார்க்க முடியவில்லை என்றும் ஒரு பகுதி இருக்கும்: "வடமேற்கு அறை பூட்டியிருந்தது", "பின்பக்கக் கூரையின் அடியில் சீலிங் அடித்திருப்பதால் மரம் தெரியவில்லை" என்பதுபோல. அந்தப் பகுதி இல்லாத அறிக்கையை நான் நம்பமாட்டேன். எல்லா வீட்டிலும் பார்க்க முடியாத இடம் ஒன்றாவது இருக்கும். "அத்திவாரம் நன்று, சுவர் நன்று, கூரை நன்று" என்று ஒரு பக்கத்தில் முடிகிற கடிதத்துக்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

கடைசியாக, திருத்த வேலையை யார் செய்வார் என்று கேளுங்கள். "நானே ஆள் வைச்சுச் செய்து தாறன்" என்று பதில் வந்தால் அவருக்கு நன்றி சொல்லி அடுத்தவருக்கு எடுங்கள். குறை கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க அவருக்கு வேலை கூடும் என்ற நிலையும் நல்லதல்ல.

இனி, ஆள் கெட்டிக்காரரா என்று நீங்களே கூட நின்று எடைபோடுவதற்காக, இந்த வீட்டில் அவர் எங்கே நேரம் செலவழிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

முதலில் பிளாற்றும் மாடியும். உள்ளே வந்ததும் அவர் மேலே பார்த்து, கம்புத்தடியாலோ சுத்தியலாலோ பிளாற்றின் அடியைத் தட்டிக்கொண்டு போகவேண்டும். நல்ல கொங்கிறீற் இறுகிய சத்தம் தரும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சு கழன்ற இடம் பொள்ளலாக ஒலிக்கும். நமது ஊரில் இது அதிகம் பார்க்கவேண்டிய குறை. உப்பு நீக்காத மணலையோ உவர்நீரையோ போட்டுக் கலந்தால், அந்த உப்பு கம்பியைச் சுற்றியிருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உடைத்துவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்து தள்ளி, கம்பி ஓடும் கோட்டிலேயே நேராக வெடிப்பு வரும். ஆகவே பிளாற்றின் அடியில் ஒரே இடைவெளியில் நேர்கோடுகளாக வெடிப்போ மண்ணிறக் கறையோ தெரிந்தால் அது பூச்சுப் பிரச்சினை அல்ல. அப்படியான இடத்தில் ஒரு கம்பியைத் திறந்து விட்டம் அளக்கவேண்டும். 10 மில்லிமீற்றர் கம்பி 8 ஆகத் தேய்ந்திருந்தால் கண்ணுக்கு அற்பமாகத் தெரியும். ஆனால் அதன் பலத்தில் 36 வீதம் போய்விட்டது. பினோப்தலீன் திரவம் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. இளஞ்சிவப்பு நிறம் வந்தால் கொங்கிறீற்றின் காரத்தன்மை இன்னும் இருக்கிறது என்று பொருள். ஆனால் உப்பு இருக்கிறதா என்பதை அது காட்டாது. அதற்குத் துளையிட்டு எடுத்த தூளை ஆய்வுகூடத்தில் குளோரைட்டுக்குச் சோதிக்கவேண்டும். இந்த வேறுபாட்டை அவர் தானாகவே சொன்னால் சரியான ஆளைப் பிடித்திருக்கிறீர்கள்.

ஒரு பிளாற்றின் அடி முழுவதும் பழைய நிறமாயிருக்க, ஒரு மூலை மட்டும் புதிதாகப் பூசியிருந்தால் அங்கே அவர் நிற்கவேண்டும். மேலே தண்ணீர்த் தாங்கி எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். 1000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன். அது கொலத்துக்கு (தூணுக்கு) நேர் மேலேயா, பிளாற்றின் நடுவிலா என்பது முக்கியம். மாடியில் குளியலறை இருந்தால் வாய்க்காலை அடைத்து இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டு 24 மணித்தியாலம் விடவேண்டும். மறுநாள் கீழே ஈரம் தெரிகிறதா பார்க்க அவர் திரும்பி வருவாரா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மாடியைத் தாங்குவதற்கென்றே கீழ்த்தளத்தைக் கட்டினார்களா என்பதே பெரிய கேள்வி. சபையின் அனுமதி பெற்ற கட்டடப் படத்தையும், கட்டி முடித்தபின் கொடுக்கும் இணக்கச் சான்றிதழையும் அற்றோணிக்காரரிடம் கேளுங்கள். படத்தில் மாடி இல்லாவிட்டால் அத்திவாரத்தை ஒரு இடத்திலாவது தோண்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நமது நிலத்தில் பல இடங்களில் சில அடியிலேயே சுண்ணக்கல் வந்துவிடும். அது நல்லதுதான். ஆனால் சுண்ணக்கல்லைத் தண்ணீர் கரைத்து உள்ளே பொந்து விடும் (நிலாவரைக் கிணறு அப்படி உண்டானதுதான்). கல் தட்டுப்பட்டதும் அத்திவாரம் உறுதி என்று சொல்லிவிடாமல், கல் முழுதாக இருக்கிறதா, மண் நிறைந்த வெடிப்பின்மேல் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். தோண்டுவதற்கும் துளையிடுவதற்கும் விற்பவரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

பழைய வீடும் புது வீடும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு இருக்கும். அனேகமாக இருந்தே தீரும். அது மேலும் கீழும் ஒரே மெல்லிய அகலமாக இருந்தால் பயம் இல்லை. வெவ்வேறு வயதுக் கட்டடங்கள் இரண்டு பிணைப்பில்லாமல் நிற்கின்றன, அவ்வளவுதான். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் முன்பக்கம் விலகிச் சாய்கிறது என்று சந்தேகிக்கவேண்டும். யன்னல் மூலையில் இருந்து சரிவாக ஓடும் வெடிப்பும் அப்படித்தான். 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட எந்த வெடிப்புக்கும் அறிக்கையில் காரணம் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

1978 பகுதியில் சுவரைவிடக் கூரைக்கு நேரம் கொடுக்கவேண்டும். வளையும் தீராந்தியும் சுவருக்குள் புகும் நுனியில்தான் உக்கலும் கறையானும் தொடங்கும். நடுப்பகுதி வைரமாக இருக்கும். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு நுனியிலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கவேண்டும். கால் அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் அந்த மரம் போய்விட்டது. கனகாலம் பூட்டிக் கிடந்த வீடு என்கிறீர்கள். சுவரில் ஆலோ அரசோ முளைத்திருந்து, பின்னர் வெட்டிப் பூசியிருக்கலாம். வேர் உள்ளே இருந்தால் மறுபடி தளிர்க்கும், சுவரும் பிளக்கும். ஷெல் விழுந்த இடத்தை அடைத்தார்களா, வீடு எரிந்ததா என்று அயலவரைக் கேளுங்கள், விற்பவரைவிட அவர்களுக்கு நினைவிருக்கும். எரிந்த லின்ரலும் பீமும் பூச்சுக்குள் மறைந்து நல்லவைபோலவே தோன்றும். சில கொங்கிறீற் சூடுபட்டால் இளஞ்சிவப்பாகும், எல்லாம் ஆகாது. ஆகவே நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. சமையலறை, விறாந்தைப் பக்கம் சீற் போட்டிருந்தால் அது அஸ்பெஸ்டஸ் என்று எண்ணியே நடங்கள். உடையாமல் இருந்தால் அப்படியே விடுங்கள், அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம்.

மின்சாரத்துக்கு வேறு ஆள் வேண்டும். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ள மின்னியலாளர் ஒருவர் வயரின் காப்பை அளக்கும் மெகர் கருவியோடு வரட்டும். 500 வோல்ற்றில் காப்புத் தடை 1 மெகாஓமுக்குக் கீழ் இருந்தால் பழைய வயறிங்கை மாற்றவேண்டியிருக்கும். டிரிப் சுவிட்சில் 30 மில்லிஅம்பியர் என்று இருக்கிறதா பாருங்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியதும் விழுந்தால் எர்த்தும் சரி என்று பலர் நினைக்கிறார்கள். எர்த் வயரே இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும்! எர்த்தைத் தனியாக அளக்கவேண்டும். அதுவும் கோடையில், நிலம் காய்ந்திருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

இனிக் கிணறு. கைக்குழந்தை இருப்பதால் இதை நான் வீட்டுக்குச் சமமாகவே வைப்பேன். நல்ல பரிசோதகர் கிணற்றடியில் நின்று நாலா பக்கமும் பார்ப்பார். உங்கள் மலசலகூடக் குழி மட்டுமல்ல, அயல் வீடுகளின் குழிகளும் எத்தனை அடியில் இருக்கின்றன என்று அளப்பார். 50 அடி விட்டால் போதும் என்பது ஊர்க் கணக்கு. மண் நிலத்தில் அது ஓரளவு காப்பாற்றும். வெடிப்பு நிறைந்த சுண்ணக்கல்லில் குழித் தண்ணீர் வடிகட்டப்படாமல் நேரே ஓடிவிடும். குழியின் மூடியைத் திறந்து, அடியும் சுவரும் கொங்கிறீற்றா, அடி திறந்த பழைய குழியா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடி திறந்ததென்றால் புதுத் தாங்கி கட்டும் செலவை இப்போதே விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை ஆய்வுகூடத்தில் நைத்திரேற்று, குளோரைட்டு, ஈ.கோலி ஆகிய மூன்றுக்குமாவது சோதியுங்கள். வீடு, கிணறுகளில் எண்ணெய் கலந்த சுன்னாகம், மல்லாகம் பக்கமாக இருந்திருந்தால் எண்ணெய், கிறீஸ் சோதனையும் சேர்க்கச் சொல்லியிருப்பேன். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலிலேயே எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுக்கவேண்டும். சோடாப் போத்தலில் எடுத்துப்போனால் அந்த முடிவை நம்பமுடியாது. நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ஆனால் சில அறிக்கைகள் "நைத்திரேற்று நைதரசன்" என்று தரும். அந்தக் கணக்கில் எல்லை 11 தான். 20 என்று பார்த்துவிட்டு, ஐம்பதுக்குக் கீழேதானே என்று ஆறுதல்படாதீர்கள். எந்தக் கணக்கு என்று கேளுங்கள். எல்லைக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும்.

கிணற்றைப் பற்றி இன்னொன்று. உறுதியில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்" என்று இருந்தால் அது பங்குக் கிணறு. எல்லை, பங்கு, தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டப்படி) பங்காளர்களுக்கும் உரித்துள்ளவர்களுக்கும் இருக்கும் முன்கொள்வனவு உரிமை (பிறருக்கு முன் வாங்கும் உரிமை), அற்றோணி இன்னும் செல்லுபடியா என்பதெல்லாம் நொத்தாரிசும் நில அளவையாளரும் பார்க்கவேண்டியவை. பரிசோதகரிடம் அதைக் கேட்டு, அவர் சொல்வதை வைத்து நடக்காதீர்கள்.

இரண்டு கிழமைத் தவணை பற்றி: பரிசோதனை முடியும்வரை முற்பணம் கொடுக்கவேண்டாம். "வேறை ஆக்களும் கேக்கினம்" என்று அவசரப்படுத்தினால், சிறிய தொகை ஒன்றைக் கொடுத்து, பரிசோதனையில் கட்டமைப்புக் குறை தெரிந்தால் முழுவதும் திருப்பித் தரப்படும் என்று நொத்தாரிசைக் கொண்டு எழுத்தில் போடுங்கள். வாய்ப்பேச்சு கனடாவரை போகாது. சரியான ஆள் என்றால் இரண்டு கிழமைக்குள் பார்த்து எழுதித் தருவார். தண்ணீர் முடிவுக்கும் அது போதிய காலம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் பார்க்கிறீர்கள் என்றால் வெள்ளத்தின் அடையாளத்தைத் தேடச் சொல்லுங்கள். சுவர்களில் ஒரே உயரத்தில் ஓடும் கறை, உப்புப் பூத்த அடிச்சுவர், இரண்டு அடிவரை மட்டும் புதிதாக அடித்த பெயின்ற், கீழ்ப்பக்கம் உப்பிய கதவு நிலை. 2008 கார்த்திகையில் நிஷா புயல் மழைக்கு அந்த ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று முன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் முழங்காலா, கணுக்காலா என்று சொல்லிவிடுவார்கள்.

அறிக்கை கைக்கு வந்தபிறகு அண்ணாவின் மேசனை அழையுங்கள். எந்த இடத்தில் என்ன வேலை என்று அறிக்கையில் இருப்பதை அவரிடம் காட்டி, பொருளுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அதே பட்டியலை அவரை அறியாத இன்னொரு மேசனிடமும் கொடுங்கள். இரண்டு கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு அற்றோணிக்காரரிடம் விலை பேசுங்கள். பிளாற் கம்பிகள் பரவலாகத் தேய்ந்திருக்கின்றன என்று பொறியியலாளர் எழுதியிருந்தால் விலை பேசவேண்டாம். அந்த வீட்டை விட்டுவிடுங்கள். அல்லது முன்பகுதியை இடிப்பதாகக் கணக்கிட்டு, காணிக்கும் பின்வீட்டுக்கும் மட்டும் என்ன கொடுப்பீர்களோ அதைச் சொல்லுங்கள்.